கரிநாள் கோழி

எங்கள் காலனியில் இருந்த நூற்றுச் சொச்சம் நாட்டுக்கோழிகளையும் ஒரே காலையில் கொன்று, ஏரிக்கரை ஓரம் குழி வெட்டி, சுண்ணாம்பு கொட்டி மூடினார்கள். கொன்றவர்கள் மீது எனக்குக் கோபம் இல்லை. தலை முதல் கால் வரை வெள்ளை உடுப்புப் போட்டுக்கொண்டு, கண்ணாடிக்குள் வியர்வை வழிய, அவர்கள் வேலையை அவர்கள் பார்த்தார்கள். கோழியைப் பிடித்துக் கொடுத்த ஒவ்வொருவரும் கொடுத்த கையோடு திரும்பி எங்கள் வீட்டைப் பார்த்தார்களே, அங்கேதான் ஆரம்பித்தது எனக்கு.

"எல்லாம் அவளாலதான்" என்று எதிர்வீட்டில் சொன்னது காதில் விழுந்தது. நான் கேட்கட்டும் என்றே சொன்னது அது.

அவள் என்றால் என் அம்மா. தைலம்மாள். அன்றைக்கு அம்மா விழுப்புரத்தில் தனி வார்டில் ஆக்சிஜன் போட்டுப் படுத்திருந்தாள். தொண்டையில் எடுத்த சளியில் பறவைக் காய்ச்சல் என்று வந்துவிட்டது. எனக்கும் எடுத்தார்கள், இல்லை என்று வந்தது. மாத்திரை கொடுத்து, பத்து நாள் வேலைக்குப் போகாதே, முகமூடி இல்லாமல் யார் பக்கத்திலும் நிற்காதே என்றார்கள். டீவிக்காரர்கள் டீக்கடை வரை வந்து, உள்ளே வரப் பயந்து, அங்கிருந்தே எங்கள் தெருவைப் படம் பிடித்துப் போட்டார்கள். மனுசருக்கு வந்ததில் முதலில் தெரிந்தது அம்மாவுக்கு. அதனால் முதலில் ஆரம்பித்ததும் அம்மாவிடம் இருந்துதான் என்று ஊர் முடிவு செய்துகொண்டது.

அதை அப்படி முடிவு செய்ய வைத்த ஆள் அரிகிருஷ்ணன்.

செஞ்சியிலிருந்து அவலூர்பேட்டை ரோட்டில் வந்தால், எங்கள் ஊருக்குள் திரும்பும் முன்பே இடது கைப்பக்கம் நீளமாக இரண்டு ஷெட் தெரியும். அவருடைய கறிக்கோழிப் பண்ணை. கம்பெனி குஞ்சும் தீவனமும் கொடுக்கும், இவர் வளர்த்துக் கொடுப்பார். அம்மா அங்கே பன்னிரண்டு வருசமாக வேலை. அதற்கு முன்னால் அவர் நிலத்தில். அவர் வீட்டில் எங்கள் அம்மா வேலை செய்யாத வருசம் என்று என் வயதில் ஒன்றும் இல்லை.

ஷெட்டில் வேலை செய்கிறவர்கள் வீட்டில் கோழி, வாத்து, புறா எதுவும் வளர்க்கக் கூடாது. கம்பெனி ரூல். வாசலில் எழுதி ஒட்டியிருக்கிறது. ரூல் சரிதான். மைக்ரோபயாலஜி படித்தவள் நான், எங்கள் குடும்பத்தில் காலேஜ் படியேறிய முதல் ஆள். ஒரு கோழியிலிருந்து இன்னொரு கோழிக்கு எப்படிப் போகும் என்று எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம். ஆனால் அம்மா இரண்டு பெட்டைக்கோழி வைத்திருந்தாள். அரசாங்கம் கட்டிக் கொடுத்து, தண்ணீர் இல்லாமல் பூட்டிக் கிடந்த கக்கூசுக்குள். "எனக்குன்னு ரெண்டு உசுரு வேணாமா?" என்று கேட்பாள். வேண்டாம் என்று நான் ஐம்பது தடவை சொல்லியிருப்பேன். விடிகாலையில் கதவைத் திறந்து விட்டுத் தெரு எழும் முன் மறுபடி அடைத்துவிடுவாள்.

அது தப்புதான். அந்தத் தப்பை எடுத்துக்கொண்டுதான் அரிகிருஷ்ணன் எங்கள் கழுத்தில் கட்டினார். விசாரிக்க வந்த குழுவிடம், "எங்க ஆளு ஒருத்தி திருட்டுத்தனமா நாட்டுக்கோழி வெச்சிருந்தா சார், அங்கேந்து வந்துட்டுது" என்றார். கக்கூஸ் கதவை அவரே போய்க் காட்டினார். படிவத்தில் நோய் எங்கிருந்து வந்தது என்ற கட்டத்தில் 'பண்ணைத் தொழிலாளி தைலம்மாள் வீட்டுக் கோழிகள்' என்று எழுதிக்கொண்டு போனார்கள்.

எங்கள் கோழி இரண்டும் உயிரோடு, துள்ளிக்கொண்டு, பிடிக்க வந்தவர் கையைக் கொத்திவிட்டுத்தான் செத்தன. அன்று காலையில்கூட ஒன்று முட்டை வைத்தது. இந்த நோய் வந்த கோழி இரண்டு நாள் தாங்காது. எங்கள் வீட்டில் ஆரம்பித்திருந்தால் எங்கள் கோழி அல்லவா முதலில் சுருண்டு விழுந்திருக்க வேண்டும்? புதைப்பதற்கு முன் ஒரு சொட்டு ரத்தம் எடுத்திருந்தால் போதும். யாரும் எடுக்கவில்லை. நான் கேட்டு ஓடிப்போனபோது சுண்ணாம்பு கொட்டிக்கொண்டிருந்தார்கள்.

எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியும். எங்கள் தெருவில் எல்லோருக்குமே தெரியும்.

மாட்டுப் பொங்கலுக்கு மறுநாள், வீட்டுக்கு வீடு கறி சமைக்கிற கரிநாள் அன்று காலை, அரிகிருஷ்ணன் காலனிக்கு வந்தார். உள்ளாட்சித் தேர்தலில் தலைவருக்கு நிற்கப் போகிறார் என்று மூன்று மாதமாகப் பேச்சு. பின்னால் டாட்டா ஏஸ் வண்டியில் கூண்டு கூண்டாக வெள்ளைக் கோழி. வீட்டுக்கு ஒன்று, அறுபத்திரண்டு வீட்டுக்கும். ஒவ்வொரு கோழி காலிலும் நூலில் கட்டின சின்ன அட்டை. அட்டையில் கை கூப்பிக்கொண்டு அவர் போட்டோ. 'கரிநாள் நல்வாழ்த்துகள். உங்கள் அரிகிருஷ்ணன்.' கோழிக்கு ஃபிளெக்ஸ் கட்டின முதல் ஆள் உலகத்தில் அவராகத்தான் இருப்பார். என் பெரியப்பா மகன் பீமாராவ்தான் அவருக்குப் பின்னால் கோழியை எடுத்து எடுத்துக் கொடுத்தான். தெருவே சிரித்துக்கொண்டு வாங்கியது. கழுத்து தொங்கிக்கொண்டு, கண் செருகிக்கொண்டு இருந்தன கோழிகள். வெயில் என்றார்கள். தை மாதத்துக் காலை ஏழு மணிக்கு வெயில்.

அன்றைக்கு அம்மா வீட்டில் இல்லை. முந்தின நாள் ராத்திரியே ஷெட்டுக்குப் போனவள் மத்தியானம்தான் வந்தாள். சாயந்திரம் நான் வேலை முடிந்து வந்ததும், "நம்ம வூட்டுக்குக் குடுத்தத இன்னா பண்ணே?" என்று கேட்டாள். காலையில் டூட்டிக்குப் போகிற அவசரத்தில் பக்கத்து வீட்டுக்குக் கொடுத்துவிட்டேன் என்றேன். போய்ப் படுத்துக்கொண்டாள். மூன்றாம் நாள் காய்ச்சல். ஆறாம் நாள் மூச்சு.

ஜனவரி இருபத்தாறு கிராம சபை. பள்ளிக்கூட மைதானத்தில் பந்தல். நான் முகமூடியைக் கட்டிக்கொண்டு, எல்லோருக்கும் பத்தடி தள்ளி, கொடிக்கம்பத்துப் பக்கம் நின்றேன். அரிகிருஷ்ணன் மைக்கைப் பிடித்தார்.

"நான் யாரையும் குத்தம் சொல்லல. தைலா பாவம், நல்லபடியா எழுந்து வரணும், அம்மனை வேண்டிக்கிறேன். ஆனா ஷெட்டுல வேலை செய்றவங்க வூட்டுல கோழி வளக்கக் கூடாதுன்னு ரூல் இருக்குது. கக்கூஸ்ல ஒளிச்சு வெச்சு வளத்திருக்கா. அங்கேந்து அவ காலோட ஒட்டிக்கினு வந்து என் கோழி போச்சு, ஊரு கோழி போச்சு."

கக்கூஸ் என்றதும் நாலு பேர் சிரித்தார்கள்.

"இனிமே காலனில யாரும் கோழி வளக்கறதில்லன்னு ஒரு தீர்மானம் போட்டுக்கலாம். நம்ம நல்லதுக்குதான் சொல்றேன்."

"எங்க கோழி ரெண்டும் புடிக்கிற அன்னிக்கு வரைக்கும் முட்டை வெச்சுதுங்க" என்று நான் நின்ற இடத்திலிருந்தே கத்தினேன். "நோய் எங்க வூட்டுல ஆரம்பிச்சிருந்தா எங்க கோழி எப்பிடி உசுரோட இருந்துச்சு? அதச் சொல்லுங்க மொதல்ல."

"மேடம் பேசறாங்க, எல்லாரும் கேட்டுக்கங்க" என்றார் ஒருத்தர்.

"கரிநாளுக்கு நீங்க குடுத்த கோழி தூங்கி வழிஞ்சுதே, அது இன்னா? அதுங்களுக்கு ராத்திரி ஷிப்டா?"

இந்தத் தடவை என் பக்கம் இரண்டு பேர் சிரித்தார்கள். அரிகிருஷ்ணனும் சிரித்தார். "கலை, உனக்கு அம்மாவ நெனச்சு மனசு சரியில்ல. எனக்குப் புரியுது. நான் குடுத்தத சாப்ட்டு யாருக்காச்சும் ஒண்ணாச்சா? கேளு, உன் ஜனந்தானே இருக்குது, கேளு."

கேட்க வேண்டியதில்லை. நன்றாகக் கொதித்த குழம்பில் கிருமி செத்துப்போகும். அறுத்தவர்களுக்கும் இறகு பிய்த்தவர்களுக்கும்தான் ஆபத்து. அதை நான் விளக்கிக்கொண்டு இருக்கும்போதே பீமாராவ் என்னிடம் வந்தான், பத்தடி தள்ளி நின்றுகொண்டு.

"கலை, டென்ஷன் ஆவாத. உக்காரு. எல்லாரும் வாங்கித் தின்னுட்டோம். இப்பப் போயி நொட்டை சொன்னா நல்லாவா இருக்குது?"

"தின்னதுக்கு வாய அடைச்சிட்டானா உனக்கு?"

"அம்மா வரட்டும். அப்புறம் பேசிக்கலாம்."

தீர்மானத்துக்குக் கை தூக்கச் சொன்னார்கள். தூக்கினார்கள். எங்கள் தெருக் கைகளும் தூக்கின. நான் ஒவ்வொரு கையாகப் பார்த்து முகத்தை மனசில் வைத்துக்கொண்டேன். மறந்து மன்னிக்கிற பழக்கம் எனக்கு இல்லை.

அன்று சாயந்திரம் அந்தக் கைகளில் ஒன்று எங்கள் வீட்டு வேலிக்கு அந்தப் பக்கம் வந்து நின்றது. நாலு வீடு தள்ளி இருக்கும் அம்மாக்கண்ணு அத்தை. சிவப்புப் புடவை, கழுத்தில் சக்தி மாலை. தைப்பூசத்துக்கு இருமுடி கட்டிக்கொண்டு போக விரதம் இருந்தாள்.

"கலை, நான் கை தூக்கனேன்னு நெனச்சுக்காத. எல்லாரும் தூக்கனாங்க."

"பாத்தேன்."

"அது கெடக்கட்டும். ஒண்ணு சொல்லணும். எங்க வூட்டுக்குக் குடுத்த கோழிய நாங்க திங்கல."

நான் முகமூடியைச் சரிசெய்துகொண்டு வாசலுக்கு வந்தேன்.

"மாலை போட்டிருக்கேன் இல்ல. வூட்டுல அடுப்புல ஏத்த முடியுமா? அது வேற தூங்கிக்கினே இருந்துச்சு, தானா செத்துட்டா தின்ன முடியாதுன்னு உங்க மாமன் அறுத்து ரத்தம் வுட்டுட்டான். மாலை போட்ட வூட்டு ஃபிரிட்ஜில கறி வெக்கக் கூடாதே. அதனால முழுசா கவர்ல போட்டு, கமலாம்பா கடை ஐஸ்பொட்டில வெச்சிருக்குது. பூசம் கழிச்சு எடுத்துக்கலாம்னு."

"இன்னும் இருக்குதா?"

"இருக்குது. இறகுகூடப் புடுங்கல. காலுல அந்த அட்டைகூட அப்பிடியேதான் இருக்குது."

கரிநாள் அன்று உறைந்த கோழி. அவர் போட்டோவோடு.

கமலாம்பாள் கடை எங்கள் தெருக்கோடியில். மளிகை, பால் பாக்கெட், கோடைக்கு ஐஸ்கிரீம். உள்ளே போனதும் அவள் முகத்திலேயே தெரிந்தது, அவளுக்கும் அது நினைவு இருக்கிறது.

"ஐஸ்பொட்டிய தொறக்காதடி. நான் அதத் தூக்கிப் போடலாம்னு இருந்தேன். போடவும் பயம், வெச்சிருக்கவும் பயம்."

"போட்டிருந்தா உன்ன நான் போட்டிருப்பேன் அத்தே."

"வெளிய தெரிஞ்சா என் கடைல எவ வந்து பால் வாங்குவா? எம் பொழப்புடி!"

கையுறை மாட்டிக்கொண்டு மூடியைத் தூக்கினேன். பால் பாக்கெட்டுக்குக் கீழே, பச்சை நிறப் பிளாஸ்டிக் கவர், கல் மாதிரி. கவர் வழியாகவே அட்டை தெரிந்தது. பனி பூத்த முகத்தோடு அவர் கும்பிட்டுக்கொண்டிருந்தார்.

அந்த ஒரு நிமிடத்தில் நான் என்ன நினைத்தேன் என்பதை மறைக்கப் போவதில்லை. இதைக் கொண்டுபோய் அவர் வீட்டுக்குள் போட்டுவிட்டு வந்தால் என்ன? அம்மா இழுக்கிற மூச்சை அவரும் இழுத்துப் பார்க்கட்டும். என் கை தானாகக் கவரைப் பிடித்தது. விட்டேன். நல்ல மனசால் விடவில்லை. அவருக்குக் காய்ச்சல் வந்தால் அதையும் எங்கள் தெருவிலிருந்துதான் வந்தது என்று எழுதுவார்கள். அவர் படுத்துக்கொண்டே தலைவர் ஆகிவிடுவார். தவிர, அந்த வீட்டில் சமைக்கிற, பாத்திரம் தேய்க்கிற கைகளும் எங்கள் கைகள்தான். எனக்கு வேண்டியது அவர் உடம்பு இல்லை. அந்தக் கட்டத்தில் அம்மா பெயர் எழுதியிருந்த இடம்.

மூடியைச் சாத்தி, பூட்டுப் போடச் சொல்லி, டாக்டர் கவிதாவுக்கு போன் செய்தேன். குழுவோடு வந்த கால்நடை டாக்டர். சுண்ணாம்புக் குழியருகே நான் கத்தினபோது தலை குனிந்து நின்றவர் அவர் ஒருவர்தான்.

அரை மணி நேரத்தில் முழு உடுப்போடு வந்தார். கவரைத் தொடாமல் முதலில் வீடியோ எடுத்தார். வி.ஏ.ஓ.வை வரவழைத்து, அவர் முன்னால் அட்டையைப் படம் பிடித்து, கோழியைப் பெட்டிக்குள் வைத்து சீல் போட்டு, அம்மாக்கண்ணு அத்தையிடமும் மாமாவிடமும் கமலாம்பாளிடமும் கையெழுத்து வாங்கினார். ஐஸ்பெட்டிக்கும் சீல். கமலாம்பாள் என்னைப் பார்த்து அழுதாள். எனக்குப் பாவமாக இருந்தது. ஆனால் நிறுத்தவில்லை.

"ஒண்ணு தெரிஞ்சுக்கங்க கலைமதி" என்றார் கவிதா, வெளியே வந்து. "அவர் ஷெட்டுக்கு இது எப்படி வந்ததுன்னு எனக்குத் தெரியல. ஏரியில வர்ற பறவையா இருக்கலாம், மேய்ச்சலுக்கு வந்த வாத்தா இருக்கலாம். இதுல பாசிட்டிவ் வந்தாலும், அவர் நோயைக் கொண்டுவந்தார்னு ஆகாது. நோய் இருந்ததை மறைச்சு, வெளிய அனுப்பினார்னுதான் ஆகும்."

"எனக்கு அது போதும் டாக்டர்."

"கோபத்துல சாம்பிள் அனுப்பக் கூடாது."

"கோபம் இல்லன்னா இந்த சாம்பிளே இல்ல."

ரிசல்ட் வர ஒன்பது நாள். அந்த ஒன்பது நாளும் நர்ஸ் போனில் அம்மா முகத்தைக் காட்டுவார். அம்மா கையை மட்டும் ஆட்டுவாள். ஏழாவது நாள் ஆக்சிஜனை எடுத்தார்கள். ஒன்பதாவது நாள் கவிதா போன் செய்தார். கோழி பாசிட்டிவ்.

மறுநாள் நான் வேலைக்குப் போனேன். செஞ்சியில் ரத்தப் பரிசோதனை லேப். காலை ஏழு மணிக்கு, வெறும் வயிற்றோடு சுகர் பார்க்கிறவர்கள் வரிசையில், அரிகிருஷ்ணன் உட்கார்ந்திருந்தார். அவர் முறை வந்ததும் வந்து நாற்காலியில் உட்கார்ந்து கையை நீட்டினார். நான் புஜத்தில் ரப்பரைக் கட்டினேன்.

"இன்னா கலை. நல்லா இருக்கியா?"

"முஷ்டிய மூடுங்க."

"ரிசல்ட் வந்துட்டுதாமே."

"வந்துட்டுது."

"அந்தக் கோழி கடைல வாங்கனதா இருக்கும். அட்டைய எவனாச்சும் பின்னாடி கட்டியிருக்கலாம். அம்மாக்கண்ணு அப்பிடிச் சொல்லிட்டா முடிஞ்சு போச்சு. நீ சொன்னா அவ சொல்லுவா."

"நரம்பு தெரியுது. ஆடாதீங்க."

"உனக்குப் புரியல. நீ படிச்ச பொண்ணு, யோசன பண்ணு." குரலை இறக்கினார். "அந்த அறுவத்திரண்டு அட்டையயும் கட்டனது யார்ன்னு நெனச்ச? உங்கம்மா. ராத்திரி பூரா உக்காந்து, ஒவ்வொரு காலா புடிச்சுக் கட்டனா. நோவு புடிச்சதுன்னு தெரிஞ்சே கட்டனா. என்ன இழுத்தா அவளும் வருவா. உன் தெருவே அவ மொகத்துல முழிக்காது. அம்மாவ அசிங்கப்படுத்தணுமா? உன் இஷ்டம்."

ஊசி என் கையில் இருந்தது. மூன்று தடவை குத்தி, நரம்பு கிடைக்கவில்லை என்று நான்காவது தடவையும் குத்தலாம். யாரும் கேட்க மாட்டார்கள். ஒரே குத்தில் எடுத்தேன். வேலையில் நான் பழி வாங்குவதில்லை. பஞ்சை வைத்து, "அஞ்சு நிமிசம் அழுத்திப் புடிங்க" என்றேன். குழாயில் பெயரை எழுதிவிட்டு, அடுத்த ஆளைக் கூப்பிட்டேன்.

மத்தியானம் லீவு போட்டுவிட்டு விழுப்புரம் பஸ் ஏறினேன். அம்மாவைப் பொது வார்டுக்கு மாற்றியிருந்தார்கள். பாதி ஆகியிருந்தாள். காதோரம் முகமூடி நாடா அறுத்த காயம். அழவில்லை நான். கட்டிலில் உட்கார்ந்து நேராகக் கேட்டேன்.

"அட்டை கட்டனது நீயா?"

அம்மா கூரையைப் பார்த்தாள்.

"சொல்லு."

"நாந்தான்."

"கோழிக்கு நோவுன்னு தெரியுமா?"

"மாட்டுப் பொங்கல் அன்னிக்கே எழுவது எம்பது விழுந்துட்டுது. கொண்டை நீலம் பாஞ்சு, மூஞ்சி வீங்கி. இது எப்பவும் வர்ற கழிச்சல் நோவு இல்ல மொதலாளி, வேற இன்னாவோ, டாக்டர கூப்புடுங்கன்னு சொன்னேன். டாக்டர் வந்தா சீல் வெச்சிடுவான், கரிநாள் முடியட்டும்னார். அட்டை அடிச்சு வந்துட்டுது, ஊருக்கெல்லாம் சொல்லியாச்சுன்னார்."

"நீ கட்டிட்ட."

"கட்டனேன்."

"ஏம்மா?"

"ஏன்னா?" அம்மா திரும்பி என்னைப் பார்த்தாள். மூச்சு வாங்கியது. "கட்டுன்னார், கட்டனேன். எந்த வருசம் நான் மாட்டேன்னு சொல்லியிருக்கேன்? செத்தத ஒதுக்கி, ரொம்ப தூங்கறத ஒதுக்கி, இருக்கறதுல தெளிவா நின்னதா பாத்துப் பாத்து நம்ம தெருவுக்கு எடுத்து வெச்சேன்டி. அதான் என்னால முடிஞ்சுது."

எனக்கு அம்மா மீது வந்த கோபத்தை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. அந்த வார்டு முழுக்கக் கேட்கும்படி கத்தியிருப்பேன். ஆனால் ஒன்று தோன்றியது. நான் ஆறாம் வகுப்பிலிருந்து பாடம் படித்தது அவர் சொன்னதற்கெல்லாம் சரி என்று சொன்ன இந்த வாயால்தான்.

"விசாரணை வருது. கோட்டாட்சியர் ஆபீஸ்லேந்து ஆள் வந்து செஞ்சில உக்காரப் போறாங்க. உன்னக் கூப்புடுவாங்க. அட்டை கட்டனத நீ சொல்லலன்னா யாருக்கும் தெரியாது. அவர் சொன்னாலும் நீ இல்லன்னு சொல்லிடலாம். அட்டைல அவர் போட்டோதான் இருக்குது, உன் கை இல்ல." இதைச் சொன்னது நான்தான். ரத்தம் எடுங்கள், உண்மை தெரியட்டும் என்று குழியருகே கத்தினவள்.

அம்மா போர்வையைக் கழுத்து வரை இழுத்துக்கொண்டாள். பிறகு, "பசிக்குது. இட்லி இருந்தா வாங்கியா" என்றாள்.

தாலுகா ஆபீசில் விசாரணை. அம்மாவை வீட்டுக்கு அனுப்பி நான்கு நாள் ஆகியிருந்தது. ஆட்டோவிலிருந்து இறங்கி, மாடிப்படி ஏற இருபது நிமிடம். மூன்று படிக்கு ஒரு தடவை நின்று, ஜன்னல் வழியாகச் செஞ்சிக் கோட்டை மலை ராஜகிரியைப் பார்த்துக்கொண்டு மூச்சு விட்டாள். "இதுக்கு அதுமேலயே ஏறியிருக்கலாம்" என்றாள். அம்மாவிடம் இனி ஆபத்து இல்லை என்று ஆஸ்பத்திரியில் எழுதிக் கொடுத்திருந்தார்கள். இருந்தாலும் வாசலில் நின்ற பியூன் உள்ளே போகிற எல்லோருக்கும் முகமூடி கொடுத்தார்.

உள்ளே மேசைக்கு அந்தப் பக்கம் அதிகாரி. இந்தப் பக்கம் ஒரு ஓரம் கவிதா. இன்னொரு ஓரம் அரிகிருஷ்ணன், வக்கீலோடு. பின்னால் சுவரோரம் எங்கள் தெருவிலிருந்து ஏழெட்டுப் பேர். பீமாராவும் இருந்தான். யாருக்காக வந்திருக்கிறான் என்று அவனுக்கே தெரிந்திருக்காது.

அம்மாக்கண்ணு அத்தை முதலில் சொன்னாள். கோழி யார் கொடுத்தது, எப்போது அறுத்தது, எங்கே வைத்தது. வக்கீல் மூன்று தடவை மாற்றி மாற்றிக் கேட்டார். "மாலை போட்ட வாயால பொய் சொல்லச் சொல்றீங்களா?" என்று கேட்டுவிட்டு உட்கார்ந்தாள்.

அடுத்து அம்மா. அதிகாரி நல்ல மனிதர்தான். நாற்காலி போடச் சொன்னார், தண்ணீர் கொடுக்கச் சொன்னார்.

"பண்ணையில் எப்ப இருந்து கோழி சாகுதும்மா?"

"மாட்டுப் பொங்கல்லேந்து."

"அவருக்குத் தெரியுமா?"

"நாந்தான் சொன்னேன்."

வக்கீல் எழுந்தார். "சார், இந்த அம்மாதான் அந்தக் கோழி எல்லாத்துக்கும் அட்டை கட்டினது. நோய் தெரிஞ்சும் கட்டியிருக்காங்க. அதையும் கேளுங்க."

பின்னால் சலசலப்பு. "தைலாவா?" என்று யாரோ. எதிர்வீட்டுக் குரல். நான் திரும்பிப் பார்க்கவில்லை.

அதிகாரி அம்மாவைப் பார்த்தார். பிறகு பேனாவை வைத்துவிட்டு, "அம்மா, நீங்க கூலி ஆள். அது முக்கியமில்ல. கட்டினீங்களா இல்லையாங்கறத நான் இங்க எழுத வேண்டிய அவசியம் இல்ல" என்றார்.

மனசுக்குள் அம்மாவிடம் சொன்னேன். இல்லை என்று சொல். சும்மா இருந்தால்கூடப் போதும்.

"எழுதுங்க" என்றாள் அம்மா.

"அம்மா..."

"எழுதுங்க சார். கட்டனது நான். கட்டச் சொன்னது அவர். ரெண்டயும் எழுதுங்க. ஒண்ண எழுதி ஒண்ண வுட்டா நான் கையெழுத்துப் போட மாட்டேன்." நின்று மூச்சு வாங்கினாள். "கக்கூஸ்ல கோழி வெச்சிருந்தேன். அதயும் எழுதுங்க. அது நல்லாருந்துச்சு. அதயும் எழுதுங்க."

"தைலா" என்றார் அரிகிருஷ்ணன். முதல் தடவையாக அவர் குரல் கெஞ்சியது. "உன்ன எங்க வூட்டு ஆளாட்டம் வெச்சிருந்தேனே தைலா."

அம்மா அவர் பக்கம் திரும்பவில்லை. அதிகாரியிடம்தான் பேசினாள்.

"சார், ஒண்ணு கேக்கலாமா?"

"கேளுங்கம்மா."

"அவர அந்த மாஸ்க்க கழட்டச் சொல்லுங்க. நீங்க எழுதற வரைக்கும் அவர் மூஞ்சிய நான் பாக்கணும்."

வக்கீல் ஏதோ சொல்ல வாயெடுத்தார். அதிகாரி அவரைப் பார்க்காமல், "காத்தோட்டமாத்தான் இருக்கு. கழட்டுங்க சார்" என்றார்.

அவர் ஒரு காதிலிருந்து கழற்றினார். பிறகு இன்னொரு காதிலிருந்து. மீசை வியர்த்திருந்தது. எங்கே பார்ப்பது என்று தெரியாமல் கவிதாவைப் பார்த்தார், சுவரைப் பார்த்தார், கடைசியில் தன் கையிலிருந்த முகமூடியைப் பார்த்தார். அம்மா இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டு, நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து, கண்ணை எடுக்காமல் அவரையே பார்த்தாள். அதிகாரி எழுத ஆரம்பித்தார். அவர் மெதுவாக எழுதுகிறவராக இருந்தார். அதற்காக அவருக்கு நான் கும்பிடு போட வேண்டும்.